உங்கள் கேள்வியை ஏற்கெனவே யாரோ கேட்டிருக்கிறார்கள்

சமூக அறிவியல் ஆய்வுக்கான தரவு எங்கே இருக்கிறது, அதை எப்படிப் பெறுவது, பெற்றபின் எதைக் கவனிப்பது

முதுகலை ஆய்வேடு எழுத உட்காரும் மாணவர் பலரும் முதலில் தயாரிப்பது ஒரு வினாப்பட்டியல். முப்பது, நாற்பது கேள்விகள் எழுதி, நூறு படி எடுத்து, தெரிந்த ஊரில் நூறு பேரைப் பார்த்து நிரப்பி வருகிறார்கள். அந்த உழைப்பு வீண் அல்ல. களத்தில் கற்றுக்கொள்வது வேறு எங்கும் கிடைக்காது. ஆனால், 'தமிழ்நாட்டில் பெண்களின் வேலைவாய்ப்பு' என்று தலைப்பு வைத்துவிட்டு, ஒரே ஊரைச் சேர்ந்த நூறு பேரின் பதிலைக் கொண்டு தமிழ்நாட்டைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இதே பொருள் பற்றி, பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் நாடெங்கும் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிய பதில்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு, ஆளுக்கு ஒரு வரியாக, பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. மக்களின் வரிப்பணத்திலும், அடுப்பு வேலையையும் வயல் வேலையையும் நிறுத்திவிட்டு அவர்கள் உட்கார்ந்து பதில் சொன்ன நேரத்திலும் சேர்ந்த செல்வம் இது. பெருநகரப் பல்கலைக்கழகங்களுக்கும் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கும் மட்டும் உரியதல்ல. திருவாரூரிலோ சிவகங்கையிலோ படிக்கும் ஒரு மாணவி, இணைய இணைப்பும் ஒரு சாதாரண மடிக்கணினியும் இருந்தால், இதே தரவை எடுத்து ஆராயலாம். அதற்கான வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அறிக்கை வேறு, அலகுநிலைத் தரவு வேறு

அரசு ஒரு கணக்கெடுப்பை முடித்ததும் அறிக்கை வெளியிடுகிறது. அதில் இருப்பவை முன்கூட்டியே முடிவுசெய்த அட்டவணைகள்: மாநிலவாரியாக, ஊரகம் நகரம் என்று பிரித்து, ஆண் பெண் என்று பிரித்து. செய்தித்தாளில் வருவதும் அதுதான்.

உங்கள் கேள்வி அந்த அட்டவணைக்குள் அடங்காதபோது சிக்கல் வருகிறது. 'ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை உள்ள, பட்டம் படித்த, 25 முதல் 34 வயதுவரையான பெண்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள்? மாமியார் உடன் இருக்கும் வீட்டில் அந்த அளவு மாறுகிறதா?' இதற்கு எந்த அறிக்கையிலும் அட்டவணை இருக்காது. ஆனால் பதில் சொன்ன ஒவ்வொருவரின் வயது, படிப்பு, வேலை, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதெல்லாம் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவுகளின் தொகுப்புதான் அலகுநிலைத் தரவு. அது கையில் இருந்தால் அட்டவணையை நீங்களே போட்டுக்கொள்ளலாம். தரவுக் காப்பகம் என்பது இந்தக் கோப்புகளையும், அவற்றைப் புரிந்துகொள்ளத் தேவையான வினாப்பட்டியல், களப்பணிக் கையேடு, குறியீட்டுப் பட்டியல் ஆகியவற்றையும் சேர்த்துப் பாதுகாத்து வழங்கும் இடம்.

தேடும் முன் ஐந்து வரி எழுதுங்கள்

காப்பகத்தின் தேடுபெட்டியில் 'பெண்கள், வேலை' என்று போட்டால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். எனவே முதலில் ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். யாரைப் பற்றிய கேள்வி? எந்த நிலப்பகுதி: நாடா, மாநிலமா, மாவட்டமா, கிராமமா? எந்தக் காலம்: ஒரு குறிப்பிட்ட ஆண்டா, இருபது ஆண்டு மாற்றமா? எந்த அலகு: தனிமனிதரா, குடும்பமா, ஊரா? எதை அளக்க வேண்டும்: கூலியா, வேலைநேரமா, கருத்தா?

இந்த ஐந்துக்கும் பதில் எழுதியதுமே பாதித் தரவுகள் தாமாக விலகிவிடும். கிராம அளவில் வேண்டும் என்றால் மாதிரிக் கணக்கெடுப்புகள் உதவாது, மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். ஒரே ஆளைப் பத்து ஆண்டு கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றால், அப்படித் தொடர்ந்து சந்தித்த கணக்கெடுப்புகள் சிலவே.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. உங்கள் தலைப்புக்கு நெருக்கமான நல்ல ஆய்வுக்கட்டுரைகள் நான்கைந்தை எடுத்து, 'தரவு' என்ற பகுதியை மட்டும் படியுங்கள். எந்தக் கணக்கெடுப்பு, எந்தச் சுற்று, எங்கிருந்து பெற்றார்கள் என்று அங்கே எழுதியிருப்பார்கள். அனுபவமுள்ள ஆய்வாளர்களும் பெரும்பாலும் இந்தத் தடத்தைப் பிடித்துத்தான் தரவை அடைகிறார்கள்.

இந்தியாவைப் பற்றிய தரவு எங்கே?

முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1881 முதல் நாடு முழுவதும் ஒரே காலத்தில், பத்து ஆண்டுக்கு ஒருமுறை நடந்தது. கடைசியாக முடிந்தது 2011-இல். அதில் தனிமனிதர் பதிவுகளைப் பொதுவில் தருவதில்லை. ஆனால் அட்டவணைகள் மிக நுணுக்கமானவை. வயது, தாய்மொழி, இடப்பெயர்வு, தொழில் என்று தனித்தனி வரிசைகள் உண்டு. ஒவ்வொரு மாவட்டத்துக்குமான கையேட்டில், ஊர்வாரியாகப் பள்ளி, பேருந்து, வங்கி, குடிநீர் வசதி வரை இருக்கிறது. உங்கள் சொந்த ஊரின் வரியையும் அதில் பார்க்கலாம்.

அடுத்தது தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு. பி.சி. மகலனோபிஸ் முன்முயற்சியில் 1950-இல் தொடங்கியது. வேலை, நுகர்வுச் செலவு, கடன், நிலம், கல்விச் செலவு, மருத்துவச் செலவு, மாற்றுத்திறன் எனச் சுற்றுக்கு ஒரு பொருள். வேலைவாய்ப்புக்கு என்று 2017 ஏப்ரலில் தொடங்கிய பி.எல்.எஃப்.எஸ். எனப்படும் தொழிலாளர் கணக்கெடுப்பு இப்போது இடைவிடாமல் நடக்கிறது. ஒன்றிய அரசின் புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில் பதிவுசெய்துகொண்டால் இவற்றின் அலகுநிலைத் தரவை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பத்து, இருபது ஆண்டுக்கு முந்தைய சுற்றுகளும் அங்கே கிடைக்கின்றன.

மூன்றாவது, தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. 1992-93 முதல் 2019-21 வரை ஐந்து சுற்றுகளின் தரவு ஆய்வாளர்களிடம் புழங்குகிறது. மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இதை நடத்துகிறது. மகப்பேறு, குழந்தைகளின் உயரம் எடை, ரத்தசோகை, குடும்ப வன்முறை, வீட்டில் முடிவெடுப்பது யார் என்பதெல்லாம் இதில் உண்டு. ஐந்தாம் சுற்றில் 6,36,699 குடும்பங்களும் 7,24,115 பெண்களும் 1,01,839 ஆண்களும் பதில் சொன்னார்கள்.

நான்காவது, பலருக்குத் தெரியாத ஒரு புதையல். இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு, சுருக்கமாக ஐ.எச்.டி.எஸ். டெல்லியின் என்.சி.ஏ.இ.ஆர். நிறுவனமும் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் 2004-05-இல் 41,554 குடும்பங்களைச் சந்தித்தன. 2011-12-இல் அதே குடும்பங்களைத் தேடிப்போய், அவற்றில் சுமார் 83 சதவீதத்தை மறுபடி பேட்டி கண்டன. வருமானம், கல்வி, திருமணம், சாதி, தீண்டாமை, மருத்துவமனைக்குத் தனியாகப் போக வீட்டில் அனுமதி வேண்டுமா என்பதெல்லாம் ஒரே குடும்பத்தின் பதிவில் சேர்ந்து இருப்பதுதான் இதன் அருமை.

முதியோர் பற்றி என்றால் லாசி எனப்படும் கணக்கெடுப்பு: 45 வயதைக் கடந்த சுமார் 72,000 பேரை 2017-18-இல் சந்தித்தது. வாக்காளர் மனநிலை என்றால், டெல்லியின் வளரும் சமூகங்கள் ஆய்வு மையம் 1967 முதல் நடத்தியுள்ள தேர்தல் ஆய்வுகள். விண்ணப்பித்துக் கேட்டால் தரவு தருகிறார்கள். கிராமப்புறக் குழந்தைகளின் வாசிப்பும் கணக்கும் என்றால், 2005 முதல் பிரதம் அமைப்பு நடத்தும் அசர். கடலூர், விழுப்புரம் பகுதிக் கிராமங்களில் கடன், சாதி, கூலிவேலை ஆகியவற்றை 2010-இலும் அதன் பிறகும் தொடர்ந்து ஆராய்ந்த குடும்பக் கணக்கெடுப்புகள் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் முயற்சியில் நடந்திருக்கின்றன. ஊரகக் கடன் பற்றி ஆராய்வோர் அவற்றைத் தவறவிடக்கூடாது.

கட்டணத் தரவும் உண்டு. சி.எம்.ஐ.இ. நிறுவனம் 2014 முதல் நடத்தும் குடும்பக் கணக்கெடுப்பு அப்படிப்பட்டது. உங்கள் பல்கலைக்கழகம் சந்தா கட்டியிருக்கலாம், நூலகரிடம் கேளுங்கள். ஆனால் அதன் மாதிரியில் மிகவும் ஏழையான குடும்பங்கள் குறைவாக இடம்பெறுகின்றன என்று ஜீன் திரேஸ் போன்ற பொருளியலாளர்கள் விமர்சித்திருக்கிறார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

உலகக் காப்பகங்கள்

சமூக அறிவியல் தரவைச் சேமித்துப் பகிரும் மரபு இரண்டாம் உலகப் போருக்குப் பின் வலுப்பெற்றது. கருத்துக்கணிப்புகளுக்கான ரோப்பர் மையம் 1947-இல் தொடங்கியது. இப்போது கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் 1962-இல் பிறந்த ஐ.சி.பி.எஸ்.ஆர். இத்துறையின் மிகப் பெரிய காப்பகங்களில் ஒன்று. மேலே சொன்ன ஐ.எச்.டி.எஸ். அங்கேதான் இருக்கிறது, பதிவுசெய்தால் இலவசம். சில தொகுப்புகள் உறுப்பு நிறுவனங்களுக்கு மட்டும் என்பதால் ஒவ்வொன்றின் நிபந்தனையையும் பாருங்கள். கணக்கெடுப்பின் பெயரைக் கொண்டு தேடாமல், கேள்வியின் சொற்களைக் கொண்டு தேடும் வசதி அங்கே இருக்கிறது. எந்தெந்தக் கணக்கெடுப்பில் அந்தக் கேள்வி எந்தச் சொற்களில் கேட்கப்பட்டது என்று அருகருகே வைத்து ஒப்பிடலாம். சொந்த வினாப்பட்டியல் எழுதுவோருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967-இல் தொடங்கிய காப்பகத்தில் யங் லைவ்ஸ் ஆய்வின் தரவு உள்ளது. எத்தியோப்பியா, பெரு, வியட்நாம் ஆகிய நாடுகளோடு இந்தியாவின் ஆந்திரம், தெலங்கானா பகுதிகளிலும், 2002 முதல் அதே குழந்தைகளை வளர வளரப் பின்தொடர்ந்த ஆய்வு அது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ், பல நாடுகளின் மக்கள்தொகைப் பதிவுகளை ஒரே குறியீட்டு முறைக்கு மாற்றித் தருகிறது. மதிப்பீடுகள், மதம், அரசியல் நம்பிக்கை பற்றி நாடுகளை ஒப்பிட, 1981 முதல் நடக்கும் உலக மதிப்பீட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. எந்த நாட்டில் எந்தக் கணக்கெடுப்பு நடந்தது என்று அறிய, உலக வங்கியின் மைக்ரோடேட்டா நூலகப் பட்டியல் நல்ல தொடக்கம்.

ஒரே கேள்வி, நான்கு பதில்கள்

தரவு கிடைத்துவிட்டது என்று மகிழும் இடத்தில்தான் கவனம் தேவை. பெண்களின் வேலை என்பதையே எடுத்துக்கொள்வோம். நான்கு கணக்கெடுப்புகள் நான்கு விதமாகக் கேட்கின்றன.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கடந்த ஓராண்டில் ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் வேலை செய்தவரை முதன்மைத் தொழிலாளர் என்கிறது. குறைவாகச் செய்தவரைக் குறுகியகாலத் தொழிலாளர் என்கிறது. பி.எல்.எஃப்.எஸ். இரண்டு அளவுகோல் வைத்திருக்கிறது. ஒன்றில், ஓராண்டில் பெரும்பகுதி நேரம் செய்த வேலையோடு, முப்பது நாளாவது செய்த துணைவேலையும் சேரும். மற்றதில், கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் போதும். குடும்பநலக் கணக்கெடுப்பு, வீட்டுவேலை தவிர வேறு வேலை செய்தீர்களா என்று கேட்கிறது. புள்ளியியல் அமைச்சகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்போ 'வேலை' என்ற சொல்லையே நம்பியிருக்கவில்லை. முந்தைய நாள் காலை 4 மணி முதல் மறுநாள் காலை 4 மணி வரை, அரைமணி அரைமணியாக என்ன செய்தீர்கள் என்று எழுதிக்கொள்கிறது.

இதன் விளைவைக் குறியீட்டு அளவில் இறங்கிப் பார்க்கலாம். பி.எல்.எஃப்.எஸ். கோப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு செயல்நிலை எண் உண்டு. சுயதொழில் செய்பவர் 11, குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுபவர் 21, மாதச் சம்பளக்காரர் 31, தினக்கூலி 51, வேலை தேடுபவர் 81, மாணவர் 91, வீட்டுவேலை மட்டும் பார்ப்பவர் 92, வீட்டுவேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டுக்குத் தைப்பது போன்றவற்றையும் செய்பவர் 93. ஒரு பெண் இரண்டு கறவைமாடு வைத்திருக்கிறார். தினமும் காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். களப்பணியாளர் வந்து 'வேலைக்குப் போறீங்களாம்மா?' என்று கேட்டால், 'இல்லைங்க, வீட்லதான் இருக்கேன்' என்பார். அதோடு விட்டுவிட்டால் 92. 'மாடு யாரு பாக்குறது? பால் யாரு ஊத்துறது?' என்று இன்னொரு கேள்வி போட்டால் 11 அல்லது 21. முதல் எண்ணில் அவர் உழைப்புச் சந்தையிலேயே இல்லை. இரண்டாவதில் அவர் ஒரு தொழிலாளி.

15 வயதைக் கடந்த இந்தியப் பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு 2017-18-இல் 23.3 சதவீதம். 2023-24-இல் 41.7 சதவீதம். இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு சுயதொழிலிலும் குடும்பத் தொழில் உதவியிலும் நிகழ்ந்தது. பெண்கள் புதிதாக வேலைக்கு வந்தார்களா, நெருக்கடி அவர்களை உள்ளே தள்ளியதா, ஏற்கெனவே செய்துவந்த வேலை இப்போது சரியாகப் பதிவாகிறதா என்று பொருளியலாளர்கள் விவாதிக்கிறார்கள். 11, 21, 31, 51 ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காமல் அந்த விவாதத்துக்குள் நுழையவே முடியாது. மொத்தச் சதவீதத்தை மட்டும் அறிக்கையிலிருந்து எடுத்து எழுதும் ஆய்வேட்டுக்கும், கோப்பைத் திறந்து பார்த்த ஆய்வேட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். 2019-இன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது: சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம்.

எனவே ஒரு விதி: தரவை இறக்கும் முன் வினாப்பட்டியலை முழுதாகப் படியுங்கள். அதற்கடுத்துக் களப்பணியாளருக்கான கையேட்டைப் படியுங்கள். நூறு பக்கத்துக்கு மேல் இருக்கலாம்; இருந்தாலும் உங்கள் தலைப்புக்கான அத்தியாயத்தை விடாதீர்கள். 'வேலை', 'குடும்பம்', 'வருமானம்' என்பவற்றுக்கு அந்தக் கணக்கெடுப்பு கொடுக்கும் பொருள் அங்கேதான் இருக்கிறது.

கோப்பைத் திறந்ததும்

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் மூலக்கோப்பை முதன்முதலாகத் திறப்பவர் திகைத்துப்போவது இயல்பு. தலைப்பு இல்லை, இடைவெளி இல்லை. எண்கள் மட்டும் வரிவரியாக ஓடும். கூடவே வரும் அமைப்புப் பட்டியலில்தான், எத்தனையாவது எழுத்திலிருந்து எத்தனையாவது எழுத்துவரை மாநிலம், எது வயது, எது செயல்நிலை என்று இருக்கும். மாநிலக் குறியீடு 33 என்றால் தமிழ்நாடு. இந்தப் பட்டியலைக் கொண்டு ஆர், ஸ்டாட்டா, எஸ்.பி.எஸ்.எஸ். போன்ற மென்பொருளில் கோப்பைப் படிக்கவைக்க வேண்டும். ஆர் இலவசம் என்பதால் அதில் தொடங்குவது நல்லது.

அடுத்து, எடை. பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011-இல் 5.65 லட்சம், சென்னையில் 46 லட்சத்துக்கு மேல். மாவட்டவாரியாகக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதால், குடும்பநலக் கணக்கெடுப்பு சிறிய மாவட்டத்திலும் போதிய அளவு வீடுகளை எடுத்தாக வேண்டும். அப்படியானால் மாதிரியில் உள்ள ஒரு பெரம்பலூர்ப் பெண் குறைவான பேருக்குப் பிரதிநிதி. ஒரு சென்னைப் பெண் மிக அதிகமான பேருக்குப் பிரதிநிதி. இதைச் சரிசெய்ய ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எடை தரப்பட்டிருக்கிறது. எடை போடாமல் எடுத்த சராசரி தமிழ்நாட்டின் சராசரி ஆகாது. குடும்பநலத் தரவில் எடை பத்து லட்சத்தால் பெருக்கி எழுதப்பட்டிருக்கும், வகுத்துக்கொள்ள வேண்டும். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் வகுக்கும் முறை வேறு. கோப்போடு வரும் குறிப்பில் அது தெளிவாக இருக்கிறது.

சரியாகச் செய்தோமா என்று எப்படித் தெரியும்? வெளியான அறிக்கையில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அலகுநிலைத் தரவிலிருந்து அதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். தசமப் புள்ளிவரை ஒத்துவந்தால் கோப்பும் எடையும் குறியீடும் சரி. வராவிட்டால் எங்கோ பிழை. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள். மாணவருக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி வேறில்லை.

'தெரியாது', 'பதிலில்லை' என்பவற்றுக்கும் எண் கொடுத்திருப்பார்கள்: 98, 99, 9998 என்றெல்லாம். அவற்றை நீக்காமல் சராசரி எடுத்தால், 99 வயதுக்காரர்கள் நிறைந்த ஊர் ஒன்று உருவாகிவிடும்.

கால் இடறும் இடங்கள்

தமிழ்நாட்டில் 2011-இல் 32 மாவட்டங்கள், இப்போது 38. குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று 2017 மார்ச் நிலவர மாவட்ட எல்லைகளைக் கொண்டது. அதில் தென்காசியைத் தேடினால் கிடைக்காது. அது திருநெல்வேலிக்குள் இருக்கிறது. ஆண்டுகளை ஒப்பிடும்போது புதிய மாவட்டங்களைப் பழைய தாய் மாவட்டத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எல்லாக் கேள்வியும் எல்லாரிடமும் கேட்கப்படுவதில்லை. அதே சுற்றில் பெண்களின் வேலை, குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளும் ஆண்களின் பேட்டியும் சுமார் 15 சதவீதக் குடும்பங்களில் மட்டுமே நடந்தன. வன்முறை பற்றி வீட்டுக்கு ஒரே பெண்ணிடம் தனியாகக் கேட்டார்கள். அதற்குத் தனி எடை. இந்த எண்களை மாநில அளவில் சொல்லலாம், மாவட்ட அளவில் சொல்லக்கூடாது.

ஆண்டையும் பாருங்கள். அந்தச் சுற்றில் தமிழ்நாட்டுக் களப்பணி 2020-இல் தொடங்கி, பொதுமுடக்கத்தால் நின்று, மறுபடி தொடர்ந்து 2021-இல் முடிந்தது. வேலை, உணவு, மருத்துவமனை வருகை பற்றிய பதில்களை இந்தக் காலத்தை மறந்துவிட்டுப் படிக்க முடியாது.

சாதி பற்றி ஆராய்வோருக்கு ஒன்று. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்பட்டோர், மற்றவர் என்ற நான்கு பிரிவுதான். தமிழ்நாட்டில் நாம் பழகிய பிற்பட்டோர், மிகவும் பிற்பட்டோர் என்ற வேறுபாடு அதில் இல்லை.

இல்லாத தரவும் ஒரு செய்திதான்

2017-18-இல் நடந்த நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகளை, தரவின் தரம் சரியில்லை என்று கூறி வெளியிடுவதில்லை என 2019 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. அதனால் 2011-12-க்கும் 2022-23-க்கும் நடுவே வறுமையை நேரடியாக அளக்க அரசு நுகர்வுத் தரவு இல்லை. 2022-23-இல் கேட்கும் முறையும் மாறிவிட்டதால் இரண்டையும் அப்படியே ஒப்பிடவும் முடியாது. 2021-இல் வந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது.

இலங்கையில் 1981-க்குப் பிறகு, நாடு முழுவதையும் உள்ளடக்கிய அடுத்த கணக்கெடுப்பு 2012-இல்தான் நடந்தது. 2001-இல் 25 மாவட்டங்களில் 18-இல் மட்டுமே முழுமையாக எடுக்க முடிந்தது. மீதி ஏழும் வடக்கிலும் கிழக்கிலும் இருப்பவை. போரும் இடப்பெயர்வும் மிகக் கடுமையாக இருந்த ஆண்டுகளில், அவற்றுக்கு ஆளான தமிழர்களைப் பற்றிய முழுமையான கணக்கு இல்லை. அந்தக் காலத்தை ஆராய்பவர் மருத்துவமனைப் பதிவு, பள்ளிப் பதிவு, அகதி முகாம் பதிவு, வாய்மொழி வரலாறு என்று வேறு வழிகளைத் தேட வேண்டியிருக்கிறது.

கிடைத்துக்கொண்டிருந்ததும் நின்றுபோகலாம். குடும்பநலக் கணக்கெடுப்பின் கோப்புகளை ஆய்வாளர்களுக்கு வழங்கிவந்தது டி.எச்.எஸ். என்ற பன்னாட்டுத் திட்டம். அமெரிக்க அரசின் நிதி 2025-இல் நிறுத்தப்பட்டதும் அந்தத் திட்டம் முடங்கி, புதிதாக விண்ணப்பித்தவர்கள் காத்திருக்க நேர்ந்தது. எனவே உரிய அனுமதியோடு பெற்ற கோப்பையும் ஆவணங்களையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி உங்களுக்கு மட்டும் என்றால் நண்பருக்கு அனுப்பாதீர்கள். அவரையும் பதிவுசெய்யச் சொல்லுங்கள். பதிவுகளிலிருந்து ஒரு குறிப்பிட்ட ஆளையோ வீட்டையோ அடையாளம் காண முயலாதீர்கள். பதில் சொன்னவர்கள் நம்பிச் சொன்னார்கள். அந்த நம்பிக்கை போனால் அடுத்த கணக்கெடுப்பில் கதவு திறக்காது. ஆய்வேட்டில் கணக்கெடுப்பின் பெயர், சுற்று, ஆண்டு, நடத்திய நிறுவனம், பெற்ற காப்பகம், பதிப்பு எண் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும்.

அப்படியானால் சொந்தக் கணக்கெடுப்பு வேண்டாமா?

வேண்டும். பெரிய கணக்கெடுப்புகள் கேட்காத கேள்விகள் ஏராளம். 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கேள்வித்தாளோடு அவரவர் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம், கூலி, கடன், உணவு, வீடு என்று அவர்கள் எழுதிவந்தவை 1918-இல் நூலாக வந்தன. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் இருவேல்பட்டும் அந்தக் கிராமங்களில் ஒன்று. 1930-களில் வேறு ஆய்வாளர்கள் அதே கிராமங்களுக்கு மறுபடி போனார்கள். அதன் பிறகும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் போனார்கள். 2008-இல் இருவேல்பட்டு மீண்டும் ஆராயப்பட்டது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டில் அந்த ஊரில் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலி எப்படி மாறியது என்று இன்று சொல்ல முடிகிறது.

அந்த மாணவர்கள் பார்த்ததும் சில கிராமங்களைத்தான். ஆனால் என்ன கேட்டோம், யாரிடம் கேட்டோம், என்ன பதில் வந்தது என்று எழுதி வைத்தார்கள். அது அச்சாகி, அடுத்தவர் எடுத்துப் பார்க்கும்படி இருந்தது. அதனால்தான் இருபது ஆண்டு கழித்து வந்தவர் அவர்களோடு ஒப்பிட முடிந்தது. இன்றைய ஆய்வேடுகளுக்காக நிரப்பப்படும் வினாத்தாள்கள் அப்படிக் காக்கப்படாமல் போனால், உழைத்தவரைத் தவிர வேறு யாருக்கும் பயன்படாது.

எனவே சொந்தக் கணக்கெடுப்பு செய்வோருக்கு மூன்று வேண்டுகோள். பெரிய கணக்கெடுப்பின் வினாப்பட்டியலிலிருந்து அடிப்படைக் கேள்விகளை அதே சொற்களில் எடுத்துக்கொள்ளுங்கள்; உங்கள் ஊரின் எண்ணை மாநில எண்ணோடு ஒப்பிட அதுவே பாலம். யாரை, எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். ஆய்வேடு முடிந்ததும், பெயர்களை நீக்கிய கோப்பை வினாத்தாளோடும் குறியீட்டுப் பட்டியலோடும் சேர்த்து, துறை நூலகத்திலோ, ஐ.சி.எஸ்.எஸ்.ஆரின் தரவுச் சேவை, ஹார்வர்ட் டேட்டாவெர்ஸ் போன்ற பொதுக் காப்பகத்திலோ சேர்த்துவிடுங்கள். துறைத்தலைவர்கள் இதை ஆய்வேட்டின் ஒரு பகுதியாகவே கேட்டால், பத்தே ஆண்டில் நம் கல்லூரிகளில் ஊர்வாரியான ஒரு பெரும் தரவுத் தொகுப்பு உருவாகிவிடும்.

தொடங்க நினைப்பவர் இந்த வாரமே ஒன்று செய்யலாம். பி.எல்.எஃப்.எஸ். வினாப்பட்டியலை இறக்கி, அதிலுள்ள கேள்விகளை உங்கள் வீட்டாரிடமே கேட்டு, ஒவ்வொருவருக்கும் செயல்நிலை எண் போட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு எந்த எண் போடுவது என்று யோசிக்கத் தொடங்கும்போதே ஆய்வு தொடங்கிவிட்டது.